திக்கிப் பேசிய பக்கம்

என் கணவருக்கு விசைப்பலகையில் மிகவும் பிடித்தது எது என்று கேட்டால், எழுத்தே இல்லாத அந்த நீளமான கட்டையைத்தான் காட்டுவார். செஞ்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் எங்கள் பிளக்ஸ் கடை இருக்கிறது. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, அமாவாசை அன்னதானப் பந்தல் என்று எந்த பேனரானாலும் அவர் கையால்தான் தட்டச்சாகும். தலைப்பை நடுவில் நிறுத்த, வரியை இரு ஓரமும் ஒட்ட வைக்க, கணினியில் அதற்கென்று பொத்தான்கள் இருக்கின்றன. அவர் அவற்றைத் தொடமாட்டார். இடைவெளிக் கட்டையைத் தட்டித் தட்டி, கண்ணாலேயே அளந்து, எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே காற்று விட்டுப் பரப்புவார். பேனரைக் கட்டியபின் தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். மயிரிழைகூட விலகியிருக்காது. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்று நான் சொல்வது, அவருடைய மனைவி என்பதால்.

நான் மாடியில் உட்கார்ந்து வலைத்தளங்கள் செய்கிறேன். என் தொழிலில் வெற்றிடத்துக்கு மரியாதையே கிடையாது. எச்.டி.எம்.எல். பக்கத்தில் எத்தனை இடைவெளி தட்டி வைத்தாலும் பிரவுசர் ஒன்றே ஒன்றைத்தான் காட்டும், மீதியை விழுங்கிவிடும். கட்டாயம் இடம் விட்டே ஆக வேண்டும் என்றால் அதற்குத் தனியாக ஒரு குறி எழுத வேண்டும். ஆம்பர்சண்ட் என்கிற & குறியில் தொடங்கி, நடுவில் என், பி, எஸ், பி என்று நான்கு எழுத்து வந்து, செமிகோலன் என்கிற அரைப்புள்ளியில் முடியும். அதைக் கண்டால்தான் பிரவுசர் பேசாமல் இடம் விடும். கல்யாணமான புதிதில் இதை அவருக்கு விளக்கியபோது சிரித்தார்.

"வெறும் எடம் வுடறதுக்கு இவ்ளோ எழுதணுமா? எங்கிட்ட குடு, ஒரு தட்டுல முடிச்சித் தரேன்" என்றார்.

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நான் சொல்லப்போகும் அந்த வாரத்தின் குழப்பத்தில் பாதி என் கோபத்தால் வந்தது.

எங்கள் தெருவிலேயே, மருந்துக்கடைக்கு மேலே, வங்கித் தேர்வுக்குப் பயிற்சி தரும் மையம் ஒன்று இருக்கிறது. அதை நடத்துகிறவரைத் தெருவே சார் என்றுதான் கூப்பிடும். ஞாயிற்றுக்கிழமைதோறும் மாதிரித் தேர்வு வைப்பார். தாளில் நடந்துகொண்டிருந்த அதைப் பிள்ளைகள் போனிலேயே எழுதும்படி ஒரு தளம் வேண்டும் என்று என்னிடம் கேட்டார், செய்து கொடுத்தேன். கேள்விகளை அவர் கையால் எழுதித் தருவார். கீழே என் கணவர் தட்டச்சு செய்வார். மேலே நான் தளத்தில் ஏற்றுவேன். கேள்விகள் எல்லாம் பேனர் போலவே ஓரம் ஒட்டி, தலைப்புகள் விரிந்து, பார்க்க நன்றாகத்தான் இருந்தன. "அம்சமா இருக்குதும்மா" என்று சார் சொன்ன அன்று முழுக்க என் கணவர் விசிலடித்துக்கொண்டே வேலை பார்த்தார்.

அமாவாசை அன்று செஞ்சியில் வேறு ஊருக்குப் பேருந்து பிடிப்பது லேசான காரியம் இல்லை. கண்ணாடியில் சிறப்புப் பேருந்து என்று ஒட்டிக்கொண்டு எல்லா வண்டியும் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குத் திரும்பிவிடும். பனமலைப் பக்கம் போகிறவர்கள் வெயிலில் காய வேண்டியதுதான். அப்படி ஓர் அமாவாசை மதியத்தில், கையில் வெள்ளைக்கோலுடன் ஒரு பெண் கடைக்கு வந்திருக்கிறாள். ஒரு சான்றிதழை ஜெராக்ஸ் எடுக்க வந்தவள், பேருந்து இப்போதைக்கு இல்லை என்று கேட்டதும் எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் தயங்கியிருக்கிறாள். கடை முழுக்க பேனர் வாங்க வந்த கூட்டம். என் கணவர் கீழிருந்து குரல் கொடுத்தார்.

"தோ, மேல ஒரு தங்கச்சி வருது. ஃபேன் போட்டு உக்கார வையி."

அவளுக்கு இருபதைத் தாண்டிய வயது. பிறவியிலேயே பார்வை இல்லை. பனமலை ஏரிக்கு அந்தப் பக்கம் ஊர். அப்பா மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிர் வைக்கிற விவசாயி. சாரிடம் படிக்கிறாள் என்பதும் பேச்சில் தெரிந்தது. தண்ணீர் கொடுத்துவிட்டு நான் என் வேலைக்குத் திரும்பினேன். அவள் போனை மடியில் வைத்து விரலை ஓட்டத் தொடங்கினாள். பார்வை இல்லாதவர்களின் போன், திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும். அவள் வைத்திருந்த வேகத்தில் எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. பொரியரிசி பொரிவது மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். திடீரென்று அந்த வேகம் தடுக்கியது.

"க... ண... இக்... கு..." என்றது போன்.

"இன்னாம்மா, உன் போன் திக்குது?" என்று திரும்பினேன்.

"போன் நல்லாத்தான் இருக்குதுக்கா. சாரோட சைட்டுக்குள்ள வந்தா மட்டும் இப்படித் திக்கும்."

சாருடைய தளம் என்றால் என்னுடைய தளம். நாற்காலியை இழுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வேகத்தைக் குறைத்து மறுபடி ஓட்டச் சொன்னேன். நான் கட்டிய பக்கத்தை நான் காதால் கேட்டது அன்றுதான்.

தலைப்பை அது எழுத்தெழுத்தாக உடைத்தது. "ரூபாய் ஒன்று. இரண்டு. ஐந்து. பூஜ்யம்" என்றது. திரையில் எட்டிப் பார்த்தேன். ஆயிரத்து இருநூற்று ஐம்பது. வரியை ஓரம் வரை இழுப்பதற்காக என் வீட்டுக்காரர் எண்ணுக்குள்ளும் காற்று விட்டிருந்தார். கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லும் கேள்வியில், அந்தக் கோடு வெறும் இடைவெளிகளின் கீழே இழுத்த கோடு. போன் அங்கே எதுவுமே சொல்லாமல் தாண்டிப் போயிற்று. கேட்கிறவளுக்கு அங்கே ஓர் இடம் காலியாக இருப்பதே தெரியாது.

சில விடைகளில் அதைவிட மோசம். "ஆம்பர்சண்ட், என், பி, எஸ், பி, செமிகோலன், நாற்பது சதவீதம்" என்று வாசித்தது. இதற்குக் கடையைக் குற்றம் சொல்ல முடியாது, இது முழுக்க என் கைங்கரியம். ஆம்பர்சண்ட் போன்ற குறிகளைத் தளம் ஒரு முறை மாற்றி எழுத வேண்டிய இடத்தில், நான் இரண்டு முறை மாற்றும்படி எழுதியிருந்தேன். இடமாகத் தெரிய வேண்டியது எழுத்தாகவே நின்றுவிட்டது. கண்ணால் பார்த்த பிள்ளைகள் ஏதோ ஒன்று என்று தாண்டிப் போயிருக்கிறார்கள். ஒருவர்கூட என்னிடம் வந்து சொல்லவில்லை.

"இத வெச்சிக்கினா இத்தினி நாளா பரீட்ச எழுதற?"

"பழகிப் போச்சிக்கா. நெசப் பரீட்சையில ஒருத்தங்க பக்கத்துல உக்காந்து படிச்சி சொல்லுவாங்க. வீட்ல எனக்குப் படிச்சிக் காட்ட ஆள் இல்ல. இந்த சைட்டுதான்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அதுவும் இந்த ஞாயித்துக்கெழமையோட சரிக்கா" என்றாள்.

"ஏன்?"

"சார் எங்க நைனாவ வரச் சொல்லியிருக்காரு. என் மார்க்கு ஏறவே மாட்டேங்குது. இந்த வாரமும் இப்படியே இருந்தா நிறுத்திடலாம், சும்மா பஸ்ஸுல அலைய வெக்க வேணாம்னு சொன்னாரு. அவரு நல்லவருதான்க்கா. என்னத் திட்டவே மாட்டாரு. எனக்குத்தான் கணக்கு வராது போல."

அவள் அழவில்லை. அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்வது போலச் சொன்னாள்.

"ஒரு கணக்குப் போடு, பாக்கலாம்" என்றேன். அவள் விரலால் தடவி ஒரு கேள்விக்கு வந்தாள். வரிசையில் அடுத்த எண் எது என்ற கேள்வி. "மூன்று, ஆறு, பன்னிரண்டு, இருபத்து நான்கு" என்று வாசித்த போன் சட்டென்று நின்றது. ஒரு நொடிகூட ஆகவில்லை, அவள் மைக் படத்தைத் தொட்டு, "நாற்பத்தெட்டு" என்றாள். போன் அதைக் கேட்டுத் தானே எழுதிக்கொண்டது. பொத்தானை அழுத்தினாள்.

"தவறு" என்றது என் தளம்.

"பாத்தீங்களா?" என்றாள் அவள், நிதானமாக.

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். திரையில் 48 என்றுதான் இருந்தது. அது சரியான விடை. என் மூளைக்கு அது உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. குத்துக்கோடு போல மின்னுமே, அந்தக் கர்சர் எட்டை ஒட்டி நிற்காமல் கொஞ்சம் தள்ளி நின்றது. நாம் சொல்வதைக் கேட்டு எழுதும்போது போன் கடைசியில் ஓர் இடைவெளியையும் சேர்த்துத் தட்டிவிடும். விரலால் தட்டுகிற பிள்ளைகளுக்கு அந்தத் தொல்லை இல்லை. என் தளமோ எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்து, நாற்பத்தெட்டும் ஒரு வெற்றிடமும் சேர்ந்தது நாற்பத்தெட்டு ஆகாது என்று இவளுக்கு மட்டும் வாராவாரம் கையை விரித்திருக்கிறது.

"நீ சொன்னதுதான் சரி. சைட்டுதான் பொய் சொல்லுது" என்றேன்.

"சும்மா சொல்றீங்க."

"என் புள்ள மேல சத்தியமா."

அவள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "அப்ப முன்னாடி வாரத்துதெல்லாம்?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்று சொன்னேன், உண்மையிலேயே தெரியாது. எவ்வளவு தப்பு அவளுடையது, எவ்வளவு என்னுடையது என்று பிரிக்க முடியாதபடி கலந்துகிடந்தது. அவளுக்கும் பிரிக்கத் தெரியாமல்தான் எல்லாவற்றையும் தன் தலையிலேயே போட்டுக்கொண்டிருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது. பேருந்து வந்ததும் என் கணவர் வந்து அவளை ஏற்றிவிட்டுத் திரும்பினார்.

அவர் கடைக்குள் கால் வைப்பதற்குள் நான் மாடிப்படியில் நின்று கத்த ஆரம்பித்துவிட்டேன். "உங்க அழகு ஒரு பொண்ணு படிப்புல மண்ண அள்ளிப் போடுது! ஆயிரத்து எரநூத்தி அம்பதுக்குள்ள எதுக்குங்க எடம் வுடறீங்க? பிளாட்டா போடறீங்க?"

"இன்னாத்துக்கு இப்படிக் கத்தற? ஆளுங்க நிக்கறாங்க இல்ல" என்றார். பேனருக்கு வந்தவர்கள் பாவம், சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் முகம் சிறுத்துப்போனது. நேரே போய்க் கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

அந்தச் சூட்டோடு நான் வேலையில் இறங்கினேன். விடையின் முன்னும் பின்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் வெற்றிடத்தை வெட்டிவிட்டு ஒப்பிடும்படி நிரலில் ஒரு சொல் சேர்த்தேன். இரண்டு முறை மாற்றி எழுதுவதை ஒரு முறையாக்கினேன். இரண்டும் எளிதில் முடிந்தன. மிச்சம் இருந்தது அவருடைய காற்று. எண்ணுக்கும் எண்ணுக்கும் நடுவே எந்த வெற்றிடம் இருந்தாலும் எடுத்துவிடு என்று ஒற்றை வரியில் ஒரு கட்டளை எழுதினேன். நல்ல புத்தி இருக்கும் நேரமாக இருந்தால் முதலில் ஒரு நகல் எடுத்து வைத்திருப்பேன். எடுக்காமலே எல்லாக் கேள்விகளின் மீதும் அதை ஓட்டினேன். 1 2 5 0 என்பது 1250 ஆனது. திருப்தியாக இருந்தது. தலைப்புகளை நாளை பார்க்கிறேன், எண்கள் சரியாகிவிட்டன என்று அவளுக்குச் செய்தியும் அனுப்பினேன்.

மறுநாள் காலை அவள் போன் செய்தாள். குரலில் சிரிப்பை அடக்குவது தெரிந்தது.

"அக்கா, மூணு லட்சத்து அறுவத்தோராயிரத்து எரநூத்தி இருவத்திநாலு. அதுக்கப்புறம் இன்னா வரும்னு கேக்குதுக்கா."

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு தலையில் கை வைத்துக்கொண்டேன். மூன்று, ஆறு, பன்னிரண்டு, இருபத்து நான்கு. என் வீட்டுக்காரருக்குக் கமா என்றால் ஆகாது, பேனரில் ஈ உட்கார்ந்த மாதிரி இருக்கும் என்பார். வெறும் இடைவெளி விட்டுத்தான் எண் வரிசையைத் தட்டியிருந்தார். நான் அழகுக்கு விட்ட இடத்தோடு அர்த்தத்துக்கு விட்ட இடத்தையும் சேர்த்து அள்ளி எறிந்துவிட்டேன். இனி அந்த எண்ணை எங்கே பிரிப்பது என்று தளத்துக்கும் தெரியாது. அது மாதிரி எத்தனை கேள்விகள் ஒட்டிப்போய்க் கிடக்கின்றனவோ. ஞாயிற்றுக்கிழமைத் தேர்வுக்கும் அங்கிருந்துதான் கேள்விகள் எடுப்பார்கள்.

முதலில் சாரிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இத்தன வாரமும் தளம் தப்பா போட்டுச்சின்னா சொல்றீங்க?"

"எவ்ளோ தப்புன்னு தெரியல சார். ஆனா அவ மார்க்க நம்ப முடியாது."

"நான் யாருக்கும் எதிரி இல்லம்மா. ஞாயித்துக்கெழம எல்லாருக்கும் வெக்கற பரீட்சைய அவளும் எழுதட்டும். நீங்க தளத்த ஒழுங்கு பண்ணுங்க. அதுல பாத்துட்டு அவங்க அப்பாகிட்ட பேசறேன்" என்றார். அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் தளத்தை ஒழுங்கு செய்ய, திருத்தாத பழைய கேள்விகள் வேண்டும். அவை கீழே, முந்தின நாள் மதியத்திலிருந்து என்னோடு பேசாத ஒருவருடைய கணினியில் இருந்தன.

போய்க் கேட்டேன். அவர் பென்டிரைவைக் கையில் தராமல் மேசையின் ஓரத்தில் வைத்தார். அப்படி வைத்தால் இன்னும் சமாதானம் ஆகவில்லை என்று அர்த்தம். எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தேன். ஜன்னலுக்கு வெளியே கோட்டை மலை வெயிலில் வெந்துகொண்டிருந்தது, மின்விசிறி அனல் காற்றை என் மேலேயே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. கையாலேயே ஒவ்வொரு கேள்வியாகப் பிரிப்பது என்று முடிவு செய்து, எதற்கும் எழுத்துகளின் எண்களைப் பார்க்கலாம் என்று திறந்தேன். கணினிக்குள் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. இடைவெளியும் அதற்கு ஓர் எழுத்துதான். கட்டையைச் சாதாரணமாகத் தட்டினால் வருவது முப்பத்திரண்டு.

ஆயிரத்து இருநூற்று ஐம்பதுக்குள் இருந்த இடைவெளிகள் முப்பத்திரண்டு இல்லை. எல்லாம் நூற்றறுபது. நான் ஆம்பர்சண்ட் போட்டு எழுதுகிறேனே, அந்த விழுங்க முடியாத இடத்தின் எண் அது. எண் வரிசையைப் பார்த்தேன். மூன்றுக்கும் ஆறுக்கும் நடுவே முப்பத்திரண்டு. ஆறுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே முப்பத்திரண்டு. தலைப்பில் எழுத்துகளுக்கு நடுவே நூற்றறுபது. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே முப்பத்திரண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒரே வெறுமைதான். என் கட்டளையும் இரண்டையும் ஒன்றாகத்தான் பார்த்தது. ஆனால் அழகுக்கு விட்டது ஒரு ஜாதி, அர்த்தத்துக்கு விட்டது ஒரு ஜாதி என்று முதலிலிருந்தே பிரிந்துதான் கிடந்திருக்கிறது.

படியில் இறங்கியது எனக்கு ஞாபகம் இல்லை. கடையில் போய் நின்றிருந்தேன்.

"ஏங்க, எழுத்த பரப்பும்போது எப்படித் தட்டுவீங்க?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். இன்னொரு சண்டை என்று நினைத்திருப்பார். "சும்மா தட்டனா மிஷினு நசுக்கிடும். வரி முடிவுல வந்தா காணாம பூடும். கன்ட்ரோலையும் ஷிப்ட்டையும் புடிச்சிக்கினு தட்டனா அசையாம நிக்கும். அழகுக்கு அதத்தான் தட்டுவேன்."

"மத்த எடத்துல?"

"மத்த எடத்துல எதுக்கு? சும்மாதான்."

"இத்தன வருஷத்துல எங்கிட்ட ஒரு தடவகூட சொல்லலியே."

"நீ எங்க கேட்ட? கத்தத்தான செஞ்ச."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருடைய இரண்டு விரல் பழக்கம்தான் என் அவசரத்திலிருந்து எங்களைக் காப்பாற்றியது என்று சொன்னேன். நேற்று ஆட்கள் முன்னால் கத்தியது தப்பு என்றும் சொன்னேன். "நேத்து மட்டுமா?" என்றார். முகம் மலர்ந்துவிட்டது. ஒரு டீ சொல்லியனுப்பினார், எனக்கும் சேர்த்து.

அதன்பின் வேலை ஓடியது. நூற்றறுபதை மட்டும் எடுத்தேன், முப்பத்திரண்டைத் தொடவில்லை. கோடு இழுத்த இடங்களில் கோடிட்ட இடம் என்று போன் சொல்லும்படி சொல்லையே வைத்தேன். அவர் பரப்பிய தலைப்பை மட்டும் சுருக்க எனக்கு மனசு வரவில்லை. எழுத்துகளுக்குள் எதையும் செருகாமல், பார்வைக்கு மட்டும் தள்ளி நிற்கும்படி அலங்கார விதியாக எழுதினேன். கண்ணுக்கு விரிந்து நிற்கும், காதுக்கு ஒரே சொல்லாகக் கேட்கும். அவர் மேலே வந்து திரையிலிருந்து விலகி நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "பரவால்ல. எடது பக்கம் ஒரு மயிரு தள்ளியிருக்குது" என்றார். அது பொய். பழிக்குப் பழி.

சனிக்கிழமை அந்தப் பெண் வகுப்பு முடிந்து வந்தாள். மூன்று பேரும் மாடியில் உட்கார்ந்து கேட்டோம். பெரும்பாலும் ஒழுங்காக வாசித்தது. ஆனால் எந்த மனிதனும் எப்போதும் ஒரே மாதிரி தட்டமாட்டான். அவசர நாட்களில் என் கணவர் இரண்டையும் மாற்றித் தட்டியிருந்தார். அந்த இடங்களை எண்களை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை, காதால்தான் முடிந்தது. "அண்ணா, இங்க ரெண்டு வார்த்த ஒட்டிக்கினு இருக்குது" என்பாள் அவள். அவர் திருத்துவார். வட்டி விகிதங்களை அவர் கட்டம் இல்லாமல் இடைவெளியாலேயே பத்தி பத்தியாக நிறுத்தியிருந்த ஒரு கேள்வி, போனில் எண்களின் சந்தை மாதிரிக் கேட்டது. அதை நான் உண்மையான அட்டவணையாக மாற்றியபின், எந்த வங்கி, எந்த ஆண்டு என்று தலைப்போடு சொல்லிச் சொல்லி வாசித்தது. "ஓ, இது இவ்ளோதானா!" என்று அவள் தொடையில் தட்டிக்கொண்டாள்.

என் கணவர் ஒரு கட்டத்தில் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். தூங்குகிறார் என்று நினைத்தேன். "அந்த மூணாவது கேள்விய இன்னொரு தபா வெய்யி தங்கச்சி" என்றார். கேட்டுவிட்டுத் தானே எழுந்து போய் ஒன்றைத் திருத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அப்பா கூடவே வந்திருந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, விசேஷத்துக்கு வந்தவர் போலத் தலையை எண்ணெய் வைத்து வாரியிருந்தார். மையத்தின் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றார். "சார் இன்னா சொல்றாரோ அப்படியே பண்ணிடலாம்மா. வேணான்னா கூட்டிக்கினு போயிடறேன். பொண்ணுக்குத்தான் மனசு ஆறாது" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். தளம் மறுபடி மக்கர் செய்தால் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சார் என்னையும் வரச் சொல்லியிருந்தார். நானும் அவர் பக்கத்திலேயே சுவரில் சாய்ந்து நின்றேன்.

பிள்ளைகள் குனிந்து எழுதினார்கள். அவள் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து, காதில் ஹெட்செட்டுடன், விரலை ஓட்டினாள். அவ்வப்போது மைக்கை வாயருகே பிடித்து முணுமுணுத்தாள். சின்ன வயதில் நான் எழுதிய எந்தப் பரீட்சைக்கும் அன்று போலப் பயந்ததில்லை. என் கணவர் கடையைப் பூட்டாமல் விட்டுவிட்டு ஒருமுறை படியேறி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

நேரம் முடிந்ததும் தளம் மதிப்பெண் போட்டது. சார் தன் திரையில் ஒவ்வொரு பெயராகப் பார்த்துக்கொண்டு வந்தார். அவள் பெயர் வந்ததும் நிறுத்தினார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். வகுப்பில் முதல் இடம் எல்லாம் இல்லை. நடுவில் இருந்த பிள்ளைகளைத் தாண்டி, முன்வரிசைக்குப் பக்கத்தில் வந்திருந்தாள். சார் வாயைத் திறப்பதற்குள் அவளே கையைத் தூக்கினாள்.

"அக்கா இருக்காங்களா?"

போய்ப் பக்கத்தில் குனிந்தேன். தப்பாகிப் போன ஒரு கேள்வியில் விரலை வைத்திருந்தாள். ஹெட்செட்டைக் கழற்றி எனக்கும் கேட்கும்படி வைத்தாள். ரயில் பாலத்தைக் கடக்கிற கணக்கு. போன் தங்குதடையில்லாமல் வாசித்தது, எண்கள் முழுசாக வந்தன.

"கேள்வி சரியா படிச்சிது இல்லக்கா? எதுவும் முழுங்கல இல்ல?"

"இல்லம்மா."

"நான் சொன்ன வெடை சரியாத்தான் போயிருக்குதா? பின்னாடி எடம் கிடம் ஒண்ணும் ஒட்டிக்கல?"

பார்த்தேன். ஒட்டவில்லை. அவள் சொன்ன எண்தான் இருந்தது, அது தவறான எண்தான். "எல்லாம் சரியா இருக்குது. சைட்டுல கோளாறு இல்ல" என்றேன்.

"அப்ப இது என் தப்புதான்" என்றாள். அவள் முகம் முழுக்கச் சிரிப்பு.

"உன் தப்பேதான்!" என்று சார் அங்கிருந்தே குரலை உயர்த்தினார். "பாலத்தோட நீளத்தையும் சேக்கணும்னு போன வாரம்தான தொண்ட கிழியக் கத்தினேன்? கவனம் எங்க இருக்குது? அடுத்த வாரம் வரும்போது இது மாதிரி பத்து கணக்குப் போட்டுக்கினு வரணும். சொல்லிட்டேன்."

மற்ற பிள்ளைகளைத் திட்டுகிற அதே குரல். வாசலில் நின்ற அப்பா பதறிப்போய் ஓரடி உள்ளே வந்தார்.

"இன்னாம்மா, சார் இன்னா சொல்றாரு?"

"என்னத் திட்டறாரு நைனா" என்றாள் அவள். கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்துக்கொண்டிருந்தாள். "அடுத்த வாரமும் வரணுமாம்."